கன்னிக்கு வைத்த இளநீர்

அக்கா,

சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு இளநீர்க் குலை கிடக்கிறது. காம்பு வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருக்கிறது. வீடு முழுக்க அந்தப் பச்சை வாசனை. தாங்கமுடியாமல் ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டில் எண்ணெய் காய்கிற வாசனை உள்ளே வந்தது. நாளை தீபாவளி. மேற்கு மாம்பலத்தில் இன்று வேறு எந்தக் காற்றும் வராது. இரண்டும் கலந்து வீட்டுக்குள் நிற்கிறது.

அத்தை காலையிலேயே ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். குலையை இடுப்பில் அணைத்துக்கொண்டு மாடி ஏறினாள். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“அவ கடைசியா ஆசையா குடிச்சது இதுதானட்டி. நாளைக்கு இது இல்லாம எப்படி?”

தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் மட்டும்தான் முடியும். சொல்லாதே என்றவளே நீதான்.

*

நீ போய் வருஷம் திரும்புகிறது, இனி நீ இந்த வீட்டுக் கன்னி என்கிறாள் அத்தை. திருநெல்வேலிப் பக்கம் அப்பா வீட்டு வழக்கம் அப்படி. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குச் சாமி. தீபாவளியன்று அவளுக்குப் புதுத்துணி, வளையல், கண்ணாடி, சீப்பு வைக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது எல்லாவற்றையும் இலையில் படைக்க வேண்டும். பிறகு வீட்டில் இருக்கிற கல்யாணமாகாத பெண் ஒருத்தியை அந்த இலைக்கு முன்னால் உட்காரவைத்து ஊட்டுவார்கள். அவள் தின்றால் கன்னி தின்ற மாதிரி.

இந்த வீட்டில் அப்படி ஒருத்திதான் மிச்சம்.

எம்.ஏ. படிக்கும்போது இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நினைவிருக்கிறதா? நீதான் தட்டச்சுப் பிழை திருத்தினாய். நல்ல கட்டுரை என்றார்கள். அதில் இளநீர் இல்லை. ஊட்டப்படுகிற பெண்ணுக்கு வாய் ஒன்று இருக்கும் என்பதும் இல்லை.

*

உனக்கு வந்தது யாருக்கும் புரிகிற நோயாக இல்லை. சுகர் என்றால் இந்த ஊருக்குப் புரியும். சர்க்கரை போடாத காபி தனியாக வந்துவிடும். பிரஷர் என்றாலும் புரியும். கிட்னி என்றால் கல். கல் என்றால் நிறையத் தண்ணீர், வாழைத்தண்டு, இளநீர். அதற்குமேல் யாருக்கும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உனக்குக் கல் இல்லை. இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை. பழத்தில், கீரையில், இளநீரில் இருக்கிற பொட்டாசியம் உடம்பிலேயே தங்கும். மிஞ்சினால் இதயம் நிற்கும். அடையாறில் டயாலிசிஸ் செய்த இடத்தில் ஒரு பெண் இதையெல்லாம் சிரித்த முகத்தோடு சொன்னாள். நீயும் சிரித்த முகத்தோடு கேட்டாய். வெளியே வந்ததும், “நல்லதெல்லாம் கெட்டதாம். கெட்டது ரொம்பக் கெட்டதாம்,” என்றாய்.

அம்மா உருளைக்கிழங்கை நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு சமைத்தாள். ருசியும் அந்த நீரோடு போயிற்று. ஒரு நாளைக்கு உனக்கான தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் இருக்கும். சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் ஒரு ஐஸ்கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு டிவி பார்ப்பாய். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக உன் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் உள்ளே ஏதோ ஓடுவது தெரியும். தூங்குகிற பூனையின் முதுகு மாதிரி. நான் காது வைத்தும் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் சமாளித்தாய். பண்டிகையில் முடியவில்லை.

அப்பாவுக்கு தி.நகரில் சின்னத் துணிக்கடை. நைட்டி, உள்பாவாடை, பள்ளிச் சீருடை. தீபாவளிக்கு முதல்நாள்வரை அவரைப் பிடிக்க முடியாது. அதனால் சொந்தம் முழுக்கத் தீபாவளியன்றுதான் வீட்டுக்கு வரும். ஆளுக்கொரு டப்பாவோடு. முந்திரிக்கொத்து, அதிரசம், சுசியம். டப்பாவைத் திறந்து உன் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நீ கடித்தபிறகுதான் உட்காருவார்கள்.

ஒரு துண்டில் என்ன ஆகிவிடும் என்பார் சித்தப்பா. அவர் கடைப் பையன் ஒருவனுக்கு வாழைத்தண்டுச் சாற்றிலேயே எல்லாம் கரைந்துபோன கதையை வருடா வருடம் சொல்வார். எதிர்வீட்டு மாமி கிண்ணத்தோடு வருவாள். “சர்க்கரையே போடலைடிம்மா. பேரீச்சம்பழமும் திராட்சையும்தான். உனக்குன்னே பண்ணிண்டு வந்தேன்.” உனக்கென்றே செய்தவைதான் உனக்கு எமன். அவள் போனதும் நீ என்னிடம் சொன்னாய்.

“என் கிட்னி போனதுல தெருவே டாக்டர் ஆயிடுச்சுடி.”

வேண்டாம் என்று மட்டும் நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. காரணம்தான் சொல்வாய். இப்போதுதான் சாப்பிட்டேன். கோயிலுக்குப் போகவேண்டும். அப்புறம் எடுத்துக்கொள்கிறேன். உன் காரணம் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பதில் இருந்தது. கடைசியில் வாங்கிக் கைப்பைக்குள் போடுவாய். அந்தப் பையின் உட்துணி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. பந்தியில் என் இடம் உன் இடப்பக்கம். யாரும் பார்க்காத நேரத்தில் உன் இலையில் விழுந்ததை என் இலைக்குத் தள்ளுவாய். இரண்டு பேருக்கு நான் தின்றேன். நான் ஊதினேன், நீ வற்றினாய். இரண்டு பேருக்கும் ஒரே அம்மாதான் சமைக்கிறாளா என்று சித்தப்பா கேட்பார். நாமும் சேர்ந்து சிரிப்போம்.

ஒருநாள் கேட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டா என்ன?

“பண்டத்தை வேண்டாம்னா அவங்களையே வேண்டாம்னு சொன்ன மாதிரிடி. முகம் எப்படி விழும்னு நீ பார்த்ததில்ல.”

நோயோடு அவர்கள் முகங்களையும் சேர்த்துச் சுமந்தாய்.

பெசன்ட் நகரில் உன்னோடு வேலை பார்த்த பெண்ணின் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸுக்குப் போனோமே. வேளாங்கண்ணி கோயில் விளக்குகள் தெருவரைக்கும் வந்திருந்தன. அவள் அம்மா கேக் தட்டோடு வந்தார். நீ கையை நீட்டத் தயாராக இருந்தாய். அவர் தட்டை நீட்டவில்லை. “உனக்கு எதும்மா ஒத்துக்கும்?” என்று கேட்டார்.

நீ முழித்தாய். யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, ஒரு பிரெட் துண்டு இருந்தால் போதும் ஆன்ட்டி என்றாய். அவர் அதைத் தோசைக்கல்லில் லேசாக வாட்டிக் கொண்டுவந்தார். எல்லோரும் கேக் தின்னும் நடுவில் நீ அந்தத் துண்டை ஓரத்திலிருந்து மெதுவாகக் கடித்துக் கடித்துத் தின்றாய். திரும்பும்போது பஸ்ஸில் அழுதாய்.

*

போன தீபாவளிக்கு அத்தை எந்தப் பலகாரமும் செய்து கொண்டுவரவில்லை. அவள் மற்றவர்களைப் போல இல்லை. இனிப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, உனக்கென்று ஒன்றைத் தேடியிருக்கிறாள். பிள்ளையில்லாதவள். நீ பிறந்தபோது அம்மா படுக்கையில் கிடக்க, உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள். அவள் யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடம் இளநீர். கீழே தள்ளுவண்டியில் சீவி வாங்கி, ஸ்ட்ரா போட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் மாடிக்குக் கொண்டுவந்தாள்.

நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்துக்கு வந்தபோது ஸ்ட்ரா அடியில் காற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. இளநீர் உன் கையில். அத்தை உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நீ ஒரு பண்டிகையில் ஒன்றை முழுசாக முடித்திருந்தாய். சுற்றி இருந்தவர்கள் முகத்திலெல்லாம் நிம்மதி.

உன்னை பால்கனிக்கு இழுத்துப் போனேன்.

“நாளைக்குக் காலையில டயாலிசிஸ்டி. எல்லாத்தையும் இழுத்துடும்.”

“ஏன் குடிச்ச?”

நீ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கீழே யாரோ சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா இருந்துச்சு,” என்றாய். பிறகு, “அத்தைகிட்ட சொல்லாத. பாவம்.”

மறுநாள் காலை ஆட்டோ வந்து கீழே நின்றது. செருப்பு மாட்டுவதற்காக நாற்காலியில் உட்கார்ந்தாய். “கால் கனக்குதுடி,” என்றாய். எழவில்லை.

டாக்டர் பொட்டாசியம் என்றார். இந்த நோய் உள்ளவர்களுக்கு எதனாலும், எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகலாம் என்றும் சொன்னார். அப்பா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். நான் முதலாவதை. இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. தெரிந்தால் ஒருவேளை அழமுடியும்.

அன்றிலிருந்து அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதினாறாம் நாள் காரியத்தில் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். “எதைக் குடுத்தாலும் தொடமாட்டா. நான் குடுத்த இளநீய மட்டும் ஒரு சொட்டு விடாம குடிச்சா. அந்த மட்டுக்கும் எனக்கு ஒரு நிறைவு.” அதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தில் உயிர் வருகிறது. மற்ற நேரமெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு இளநீரைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள்.

அவள் சொல்ல ஆரம்பித்ததும் அம்மா எழுந்து போய்விடுவாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது. கிழங்கு ஊறிய நீரை வருடக்கணக்கில் கொட்டியவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் கேட்கவில்லை. தெரியும் என்று அவள் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

நாளைக்கு அந்த இளநீர் என் வாய்க்கு வரும். என்னால் முடியாது அக்கா. குடித்தால், அன்று நடந்தது நல்ல காரியம் என்று நானும் ஒப்புக்கொண்ட மாதிரி. குடிக்காவிட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே பதில். அந்தப் பதிலோடு அத்தை ஆதம்பாக்கத்து வீட்டில் தனியாக இருக்க வேண்டும்.

சொல்லாதே என்றாயே. எதுவரைக்கும்? மறுநாள் எழமாட்டாய் என்று தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாயா?

சொல்லியிருப்பாய். உன்மேல் எனக்குள்ள கோபமே அதுதான்.

*

மறுபடி எழுதுகிறேன். தீபாவளி முடிந்து மறுநாள் காலை.

நேற்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உனக்கு எடுத்த புதுத்துணியைப் போட்டுக்கொண்டேன். அத்தை புடவைதான் வைக்கவேண்டும் என்றாள். அவள் என்றைக்குப் புடவை கட்டினாள் என்று அம்மா மஞ்சளில் ஒரு சுடிதார் எடுத்திருந்தாள். என்னை உன் படத்துக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அத்தை நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தாயி என்றார்கள். அப்பாகூட.

ஊட்டினார்கள். வரிசையாக வந்து ஊட்டினார்கள். அத்தை முந்திரிக்கொத்தை உடைத்து வைத்தாள். சித்தப்பா அதிரசம். சித்தி சுசியம். எதிர்வீட்டு மாமிகூட வாசலில் நின்று ஒரு லட்டைக் கொடுத்தனுப்பினாள். நீ கைப்பையில் ஒளித்தது அத்தனையும் என் வாய்க்குள் வந்தது. இத்தனை வருடம் உன்னிடம் தோற்றுப்போனவர்கள். “இனி என்ன நோய் தாயி உனக்கு? எல்லாம் சாப்பிடலாம்,” என்று அத்தை அழுதாள். நான் மென்றேன். விழுங்கினேன். கண்ணில் நீர் வந்தது. கன்னி அழுகிறாள் என்று சித்தி மெதுவாகச் சொன்னாள்.

அப்பா இளநீரைச் சீவினார். அத்தை அதைத் தம்ளரில் ஊற்றி என் உதட்டருகே கொண்டுவந்தாள்.

“வேண்டாம்,” என்றேன்.

காரணம் எதுவும் சொல்லவில்லை. வெறுமனே வேண்டாம். அத்தையின் முகம் விழுவதைப் பார்த்தேன். இதைத்தான் நீ சொன்னாய் என்று தெரிந்தது. ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லை. என் முகத்துக்குள் உன்னைத் தேடினாள்.

“ஏன் தாயி? எம்மேல கோவமா?” தம்ளர் சாய்ந்து, என் மடியில் இளநீர் சிந்தியது. “அன்னைக்கு நான் குடுத்ததுல ஏதும் குத்தமா?”

ஒரு வருடமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அத்தையே கேட்டுவிட்டாள். என்னிடம் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். உன்னிடம் கேட்டாள். உனக்காகப் பதில் சொல்லத்தான் என்னை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது அக்கா. நிஜமாகவே எழுந்தது. அவள் கையைப் பார்த்தேன். நகத்தோரத்தில் வெல்லப்பாகு ஒட்டியிருந்தது. விடியலிலிருந்து உனக்காகப் பாகு காய்ச்சிய கை.

அதற்குள் அம்மா பேசினாள்.

“கோவமெல்லாம் இல்ல மதினி. அவ போதும்ங்கா. அவ்வளவுதான்.”

அத்தையின் கையிலிருந்து தம்ளரை வாங்கினாள். வாங்கும்போது என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “போதும்னா போதும் தாயி. உன் இஷ்டம்.” கீழே விழுந்து கும்பிட்டாள். பின்னாலேயே எல்லோரும் கும்பிட்டார்கள்.

இவ்வளவுதான் அக்கா. யாரும் காரணம் கேட்கவில்லை. ஒரே ஒரு துண்டு என்று கெஞ்சவில்லை. வாழைத்தண்டுக் கதை சொல்லவில்லை. நீ வருடக்கணக்கில் காரணம் காரணமாகத் தேடித் தேடி வாங்க முடியாத ஒன்றை, செத்தபிறகு ஒரே சொல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுக்களைக்குப் போனேன். அம்மா தம்ளரைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தம்ளர் கழுவியாயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

“அத்தைகிட்ட...” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம்,” என்றாள். குழாயை மூடினாள். “நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.”

அவள் கை என் தோளில் கொஞ்சநேரம் இருந்தது. ஈரமாக, கனமாக. ஒரு வருடத்தில் முதல்முறையாக அழுதோம். சத்தமில்லாமல். கூடத்தில் ஆட்கள் இருந்தார்களே.

மத்தியானம் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். வயிறு கல்லாக இருந்தது. அத்தை பரிமாறிக்கொண்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. உனக்குத் தன்மேல் கோபம் இல்லை என்று உன் வாயாலேயே கேட்டுவிட்டாள் அல்லவா. என் இலைக்கு வந்ததும் இரண்டு முந்திரிக்கொத்தை எடுத்தாள்.

“போதும் அத்தை.”

“என்னட்டி போதும்? இப்பதான உக்காந்தே.”

“காலையில நிறையச் சாப்பிட்டேன் அத்தை.”

“அது அவள்லா சாப்பிட்டா,” என்று சிரித்தாள். “நீ இன்னும் ஒண்ணுமே சாப்பிடலயே.”

இரண்டு கைகளையும் இலைமேல் விரித்து மூடிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னேன். காலையில் சொன்ன அதே சொல், அதே வாய். எதிரே அம்மா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அத்தை குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்தாள்.

“உங்க அக்காவ மாதிரி பண்ணாதட்டி,” என்றாள். வைத்தாள். நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது புரிந்தது, பால்கனியில் நீ தெருவைப் பார்த்துக்கொண்டு ஏன் நல்லா இருந்துச்சு என்றாய் என்று. நீ குடித்ததற்குக் காரணம் தாகம் இல்லை. ஆசையும் இல்லை. அத்தை உன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த தீபாவளிக்கும் என்னை அங்கே உட்காரவைப்பார்கள். அந்த ஒரு நாள் என் சொல் செல்லும், உன் பெயரில். மற்ற நாட்களுக்கெல்லாம் இந்த “வேண்டாம்” என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். மெல்லவும் முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. என்றைக்காவது இதை உயிரோடு இருக்கிற ஒருத்தி சொல்வதாக யாராவது கேட்கும்வரை, கீழே வைக்கமாட்டேன்.